பதினெட்டு இன்ச் ஏழு நூல்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். முடியவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். என் அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அப்பாவின் பட்டறை ஆட்கள் ஒருவருக்கும் தெரியக் கூடாது. நான் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. ஒரு கோடு இழுத்தேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்த மாதம் நைட் ஷிஃப்ட். கம்பெனி பஸ் வந்து ஏற்றிப் போய்விட்டது. அப்பா முன்னறையில் தூங்குகிறார். நான் சமையல் மேடைக்குக் கீழே, சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது.

முதலில் இருந்து எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கே புரியும்.

நான் கனிஷ்கா. ஒன்பதாம் வகுப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாங்கள் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. சேரப்பணஞ்சேரியில் லைன் வீட்டில் இருக்கிறோம். அப்பா காசிராஜன் மர வேலை செய்கிறவர். ஒரகடம் ரோட்டில் கேரவன் கட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. புது வேன் காலியாக வரும். உள்ளே கட்டில், சமையலறை, பாத்ரூம் எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக ஆக்கி அனுப்புவார்கள். அதில் சமையலறை முழுவதும் அப்பா பொறுப்பு.

சேரும்போது முதலாளி வெங்கடேசன் சார் கேட்டாராம்: "மில்லிமீட்டர்ல அளவு குடுப்பியா? மெஷின் கட்டிங்கு. இன்ச்சு, நூலுலாம் இங்க வேலைக்கு ஆவாது." அதற்கு முன்னால் மூன்று பட்டறையில் அப்பாவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அப்பா, "குடுப்பேன் சார்" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இன்ச்சும் நூலும்தான் தெரியும். இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். பகலில் அளந்ததை, மரம் தேய்க்கிற உப்புத்தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வருவார். ராத்திரி நான் அதை மில்லிமீட்டராக மாற்றி, பட்டறையின் அளவு நோட்டில் பேனாவால் எழுதுவேன். காலையில் அப்பா நோட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார். சத்யப்பிரியா அக்கா அந்த எண்ணை மெஷினில் போட்டு வெட்டுவார். அது அப்பாவின் கையெழுத்து என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. "வெளிய சொல்லிராதட்டி" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்யப்பிரியா அக்காவின் தங்கை சுபஸ்ரீ என் வகுப்புதான், என் பெஞ்சுதான். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று ஒரு வண்டிக்குச் சத்தம் பார்க்கிற ஓட்டம். வண்டி முடிந்ததும் இட்லிப் பானை, டம்ளர், தட்டு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி வாலாஜாபாத் வரைக்கும் ஓட்டிப் போவார்கள். ஒருவர் சமையல் மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எங்கே என்ன ஆடுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். இந்த வண்டிக்கு அடுப்புக்கும் சிங்க்குக்கும் மேடைப் பலகையிலேயே மூடி. இரண்டையும் மூடிவிட்டால் மேடை ஒரே பலகை மாதிரி ஆகிவிடும், காய் நறுக்கலாம். வாங்குகிற அம்மா கேட்டுச் செய்யச் சொன்னது அது.

அடுப்பு மூடி போகிற வழியெல்லாம் டக்டக் என்று அடித்திருக்கிறது. வாலாஜாபாத் திருப்பத்தில் வழுக்கி உள்ளே விழுந்து ஒரு மூலை உடைந்துவிட்டது. அதே கலர் பலகை வேறு இல்லையாம்.

"மாட்டும்போதே லூசாத்தாம் இருந்துச்சு. ரப்பர் வச்சாப் பிடிச்சுக்கிடும்னு நெனச்சேன்" என்றார் அப்பா. "ஒரு நூலுக்கு மேல கொறச்சு வெட்டிட்டா அந்தப் பிள்ள. நாளைக்கு நோட்டப் பாக்கணும்னு மொதலாளி சொல்லிருக்காரு."

அவர் தூங்கின பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 475 என்று இருந்தது. உப்புத்தாளில் 18.7.

அப்பா எழுதுவதில் புள்ளிக்குப் பின்னால் வருவது நூல். 18.7 என்றால் பதினெட்டு இன்ச் ஏழு நூல். நான் எப்போதும் இன்ச்சைத் தனியாகவும் நூலைத் தனியாகவும் பெருக்கித்தான் கூட்டுவேன். போன வியாழக்கிழமை அறிவியல் டெஸ்ட் இருந்தது. அவசரத்தில் 18.7 என்று அப்படியே போனில் தட்டி 25.4ஆல் பெருக்கியிருக்கிறேன். சரியாகப் போட்டால் 479 வரும்.

சத்யப்பிரியா அக்கா சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்.

5 என்ற எண்ணில் வலது பக்கம், மேலே ஒரு சின்னக் கோடு போட்டால் அது 9 ஆகிவிடும். போட்டேன். அதே பேனாதான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஏன் போட்டேன்? அப்பாவுக்காகவா? எனக்காகவா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நோட்டைப் பார்த்துவிட்டார்கள். சாப்பிடும்போது அப்பா சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்கா சொன்னாராம்: "அண்ணா, அன்னைக்கு நான் பாத்தப்போ அஞ்சுதான் இருந்துச்சு. சத்தியமா."

அதற்கு வெங்கடேசன் சார்: "அப்போ அஞ்சு போயி ஒம்போது ஆயிடுச்சா? இன்னாமா, நோட்டு குட்டி போட்டுகினு கீதா? கண்ண எங்க வெச்சிகினு வெட்டுன நீ?"

பட்டறையே சிரித்ததாம். "எனக்கே சிரிப்பு வந்துட்டு" என்றார் அப்பா. பிறகு, "பாவம்" என்றார்.

வண்டி போகட்டும், பேசிக்கலாம், அதுவரைக்கும் மெஷின் பக்கம் வராதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். இப்போது டிராயருக்குள் கம்பளித் துணி ஒட்டுகிற வேலை. மெஷினை முதலாளியே ஓட்டுகிறார்.

ரசச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று சுபஸ்ரீ முதல் பீரியடிலேயே ஆரம்பித்தாள். "எங்கக்கா நேத்து சாப்புடவே இல்ல டீ. செவுத்த பாத்துகினே படுத்துக்கினு இருந்துச்சு. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்களாம்."

எங்கள் அப்பாவும் சிரித்தார் என்று அவளுக்குத் தெரியாது. இல்லை, தெரிந்திருந்தும் சொல்லவில்லையோ?

"அஞ்சுன்னு பாத்தேன், அஞ்சுன்னு பாத்தேன்னு அதையே சொல்லிகினு கீது. நாளைக்கு படப்பைல கண்ணு டெஸ்ட் பண்ண போவுதாம். அதுக்கே அது மேல டவுட்டு வந்துச்சு பாரேன்."

நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். பாதிப் பென்சில் போய்விட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்காவின் கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்துதான் அக்கா அழுதாராம்.

ஆகஸ்ட் 9, சனி

பள்ளி லீவு. அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து, "அப்பாக்குச் சோத்தக் குடுத்துட்டு வாட்டி, மறந்துட்டுப் போயிட்டாவ" என்று தூக்குவாளியைக் கொடுத்தார். போகவே கூடாது என்று நினைத்தேன். போனேன்.

அப்பா வெல்டிங் பக்கம் இருந்தார். வண்டிக்குள்ளிருந்து சத்யப்பிரியா அக்கா எட்டிப் பார்த்தார். முன்னே இருந்ததைவிட முகம் சின்னதாகியிருந்தது. "இன்னா பாப்பா, சோறா? செருப்ப கழட்டிட்டு ஏறி வா. உங்கப்பா வேலைய இதுக்கு முன்ன பாத்துக்கிறியா?"

ஏறினேன். அந்தச் சமையலறையை நான் எண்களாகத்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். அதற்குள் எவ்வளவு வைத்திருக்கிறார் அப்பா! தட்டுகள் படுத்திருக்காமல் பள்ளத்தில் ஒவ்வொன்றாக நிற்கின்றன. மிளகாய்த் தூள், மல்லித் தூள் பாட்டில்களுக்கு வட்ட வட்டமாகத் துளை. மேல் தட்டுகளின் முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு கம்பி. சிங்க்குக்குக் கீழே குழாய்க்கு இடம் விட்டு வளைத்து ஒரு டிராயர். எங்கள் வீட்டில் ஒரு கடப்பா கல் ஷெல்ஃபில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்தேன். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது பிறகு ஞாபகம் வந்தது.

டிராயரை இழுத்தேன். வரவில்லை.

"அழுத்தணும், அப்புறம் இழுக்கணும்" என்றார் அக்கா. "பட்டன அழுத்தாம எந்த ராஜா வந்து இழுத்தாலும் வராது. இல்லாங்காட்டி வளைவுல ஸ்பூனு, கரண்டிலாம் கொய்யோன்னு மேல வந்து விழும்."

கம்பளித் துணியை அளந்து பசை தடவி உள்ளே ஒட்டிக்கொண்டே பேசினார். ஸ்பூன் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க அந்தத் துணி. ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டினார். விரல் எல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"உங்கப்பா கையெழுத்து எவ்ளோ அழகு தெரியுமா பாப்பா? எத்தினியோ பேரு நோட்டு பாத்துக்கிறேன். கோழி கிறுக்குனா மாதிரி இருக்கும். உங்கப்பாது முத்து முத்தா இருக்கும். அதான் எனக்கு புரியவே இல்ல. அதுல போயி எப்டி தப்பா பாத்தேன்?"

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. அப்போது அப்பா கீழே நின்று, "ஏட்டி, வந்துட்டியா?" என்றார்.

இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வாசலில் உட்கார்ந்து தேக்குப் பட்டையை இழைத்துக்கொண்டிருந்தார். உடைந்த மூடியை நாலு பக்கமும் இன்னும் கொஞ்சம் அறுத்துவிட்டு, சுற்றிலும் தேக்கில் கரை வைத்தால் அளவும் சரியாகிவிடும், உடைந்த மூலையும் போய்விடும் என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தார். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மரச் சுருளைப் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, நூல், போன், 475, கோடு. அழவில்லை. குரல்தான் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

இழைப்புளி நின்றுவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

பட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாது."

"சரி. இருக்கட்டும். மூடி நல்லா அமைஞ்சிட்டுன்னா எல்லாரும் மறந்துருவாவ."

"அந்த அக்காவும் மறந்துருவாங்களாப்பா?"

"அந்தப் பிள்ளைக்கு இருவத்தி நாலு வயசு. டிப்ளமா படிச்சிருக்கு. எந்தக் கம்பெனிலயும் கூப்புட்டுக்கிடுவான். என்னைய எவன் கூப்புடுவான், சொல்லு? மறுபடியும் ஒரு பட்டற வாசல்ல போயி நிக்கணும். மில்லிமீட்டர் தெரியுமாம்பான்."

அப்புறம் மறுபடியும் இழைக்க ஆரம்பித்தார். சுருள் என் காலில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூடி அமைந்துவிட்டது. மறுபடியும் வாலாஜாபாத் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்களாம், ஒரு சத்தமும் இல்லை. வண்டி வாங்குகிற அம்மா வந்து இரண்டு மூடியையும் மூடிவிட்டு மேடையைக் கையால் தடவிப் பார்த்தாராம். "இதுலயே சப்பாத்தி தேய்க்கலாம் போல இருக்கே" என்றாராம். வெள்ளைப் பலகையைச் சுற்றித் தேக்குக் கரை, முன்னே இருந்ததைவிட அழகாம். இனிமேல் எல்லா வண்டிக்கும் இப்படியே போடச் சொல்லிவிட்டார் வெங்கடேசன் சார். சிங்க் மூடிக்கும் கரை வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அப்பா எனக்கும் அம்மாவுக்கும் பரோட்டா வாங்கி வந்தார்.

"அந்த அக்கா?" என்று கேட்டேன்.

"சால்னா ஆறிரும், சாப்பிடு" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூடி சரியானதும் தப்பும் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு அக்காவிடமே நின்றுவிட்டது.

சுபஸ்ரீ சொன்னாள்: "வர்ற திங்கக்கெழமைலேர்ந்து எங்கக்கா கம்பெனிக்கு போவுது. லைன்ல நின்னு டப்பாக்கு ஸ்டிக்கர் பாத்து ஸ்கேன் பண்ணணுமாம். பஸ்ஸு வூட்டாண்டயே வரும். எங்கம்மாக்கு ஒரே குஷி. ஆம்பளைங்க மட்டும் இருக்கிற பட்டறைல இன்னா வேலன்னு அது ஆரம்பத்துலேர்ந்தே கத்திகினுதான் இருந்துச்சு."

"அக்காவுக்கு இஷ்டமா?"

"இஷ்டம் இன்னா இஷ்டம். இனிமே நம்பர பாத்து எதையும் வெட்ட மாட்டேன்னு சொல்லுது. கை நடுங்குதாம்."

கணக்கு மிஸ் என்னை எழுப்பி விடை கேட்டார். சரியாகச் சொன்னேன். வகுப்பில் கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

அடுத்த வண்டிக்கு அளவு வந்திருக்கிறது. அப்பா உப்புத்தாளையும் நோட்டையும் எப்போதும் போல் என் முன்னால் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினொரு அளவு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை போட்டுப் பார்த்து எழுதினேன். பாத்திர டிராயர், பாட்டில் தட்டு, குப்பைக் கூடைக்கு உள்ளிழுக்கிற பெட்டி, இரண்டு மூடி.

கடைசி அளவுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதே பேனாவால், அதே கையெழுத்தில் எழுதினேன்:

முந்தின வண்டியின் அடுப்பு மூடிக்கு முதலில் 475 என்றுதான் எழுதியிருந்தேன். சத்யப்பிரியா அக்கா சரியாகப் பார்த்தார்கள், சரியாக வெட்டினார்கள். மூடி விழுந்த பிறகு நான்தான் 5ஐ 9 ஆக்கினேன். இந்த நோட்டை எழுதுவது நான். அப்பா சரியாகத்தான் அளந்தார். கா. கனிஷ்கா, 9 'ஆ' பிரிவு.

பிரிவை ஏன் எழுதினேன்? பரீட்சைத் தாள் மாதிரி.

நோட்டு அப்பா பையில் இருக்கிறது. எழுதியதை அப்பா படிக்க மாட்டார். எப்போதும் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பவர்தான். காலைக்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட எனக்கு நேரம் இருக்கிறது. கிழிக்க மாட்டேன். கிழிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டதால் கிழிக்க முடியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் மணி ஏழரைதான் ஆகிறது. அம்மா கிளம்பிவிட்டார். அப்பா மாவு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். இன்று ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியவில்லை.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். கால் கழுவினார். அம்மா குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு என்னைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மொதலாளி மெஷின்கிட்ட நின்னு நோட்ட விரிச்சாரு. பெறவு சத்தமா வாசிச்சாரு. ரெண்டு தடவ."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லாரும்தான் நின்னாவ. இதெல்லாம் நெசமாய்யான்னு கேட்டாரு. ஆமா சார், எனக்கு மில்லிமீட்டர் தெரியாதுன்னு சொன்னேன். 'நாலு மாசமா என் வண்டிய ஒம்போதாங் கிளாஸ் பொண்ணா கட்டிகினு இருந்துச்சு?'ன்னாரு."

"சிரிச்சாங்களா?"

"இல்லட்டி. ஒருத்தரும் சிரிக்கல."

வண்டி போகட்டும், பேசிக்கலாம் என்று இப்போது அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூடி வைத்த வண்டி சனிக்கிழமை போகிறது. அதற்குப் பிறகு வேலை இருக்குமா, இருக்காதா? அப்பாவுக்கே தெரியவில்லை.

அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நோட்ட வாங்கி அந்த ஒம்போதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வெரல வச்சுத் தடவிப் பாத்துச்சு. பெறவு கையில இருந்த பசையக் கழுவிட்டு வந்து மெஷின ஆன் பண்ணுச்சு. மொதலாளி ஒதுங்கி நின்னுக்கிட்டாரு."

அப்பா டம்ளரை எடுத்தார், வைத்தார். தண்ணீர் குடிக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதிருக்கலாம்லாட்டி."

"சொன்னேன்லப்பா."

அவர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆமா" என்றார். "சொன்ன."

அப்புறம்தான் தூக்கை எடுத்துக்கொண்டு மாவுக்குக் கிளம்பினார். நோட்டை மேடைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திறந்து பார்த்தேன். நான் எழுதிய பக்கம் அப்படியே இருக்கிறது, யாரும் அடிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். இடது பக்கம் பென்சிலில் அப்பாவின் எழுத்து. பெரிது பெரிதாக, கோணலாக: 'அடுப்பு மூடி, 18 இன்ச் 7 நூல்.' அதே பழைய அளவு, ஆனால் புள்ளி இல்லை. வலது பக்கம் எனக்குத் தெரியாத கையெழுத்தில் 479. சத்யப்பிரியா அக்காவுடையதாகத்தான் இருக்க வேண்டும். எண்கள் கொஞ்சமும் நடுங்காமல் இருக்கின்றன.

அப்படியென்றால் திங்கட்கிழமை அக்கா அந்தக் கம்பெனிக்குப் போக

வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். சுபஸ்ரீயின் குரல், என்னமோ சொல்கிறாள். கதவைத் தட்டுகிறார்கள். சத்யப்பிரியா அக்காதான். அப்பாவைக் கூப்பிடவில்லை, என் பேரைச் சொல்லித்தான்